வானம் ஒன்று, அமைச்சகங்கள் பல: பிரிந்து நிற்கும் ரேடார்களை இணைப்பது யார்?

புது தில்லி: ராணுவ நிலைகளுக்கு மட்டுமன்றி மருத்துவமனைகள், ரயில் நிலையங்கள், வழிபாட்டுத் தலங்கள் ஆகியவற்றுக்கும் வான்வழிப் பாதுகாப்பு அளிக்கும் "சுதர்சன சக்கரம்" திட்டம் 2035-ஆம் ஆண்டுக்குள் நிறைவேற்றப்படும் என்று 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். அதன் பிறகு தலைநகரில் நடைபெறும் விவாதங்கள் பெரும்பாலும் ஏவுகணைகளைச் சுற்றியே அமைந்துள்ளன. எத்தனை வாங்குவது, எந்த நாட்டிடம் வாங்குவது, உள்நாட்டிலேயே தயாரிப்பதா என்பவையே கேள்விகள்.

ஆனால், ஏவுகணை எவ்வளவு திறன் வாய்ந்ததாக இருந்தாலும், அது எந்த இடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதை வேறொன்று சொல்ல வேண்டும். அந்தப் பணியைச் செய்வது ரேடார். அந்த ரேடாரின் அமைப்பிலேயே கடந்த 20 ஆண்டுகளில் ஒரு மாற்றம் உருவாகி வருகிறது. ஒரே இடத்தில் ஒரு பெரிய ஆண்டெனாவை நிறுத்துவதற்குப் பதிலாக, பல கிலோமீட்டர் இடைவெளியில் பல ஆண்டெனாக்களை நிறுத்தி, அவை அனைத்தும் பெறும் எதிரொலிகளை ஒன்றுசேர்த்து இலக்கின் இருப்பிடத்தைக் கணிக்கும் முறை அது.

இது பொறியாளர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. இத்தகைய அமைப்புக்குத் தேவையான கோபுரங்கள் ஓர் அமைச்சகத்திடமும், அலைக்கற்றையும் கண்ணாடி இழைக் கேபிளும் இன்னொரு அமைச்சகத்திடமும், துல்லியமான நேரம் மற்றும் சில துறைகளிடமும், ரேடார் பாதுகாப்பு அமைச்சகத்திடமும் உள்ளன. தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு அரசு ஏற்கெனவே செலவு செய்து வருகிறது. இவற்றை ஒரே அமைப்பின் உறுப்புகளாகப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதே இப்போதைய கேள்வி.

ஒற்றைக் கண்ணின் குறை: வழக்கமான ரேடார், அலையை அனுப்புவதையும் திரும்பி வரும் எதிரொலியைக் கேட்பதையும் ஒரே இடத்திலிருந்து செய்கிறது. எதிரொலி திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. ஆண்டெனா எந்தத் திசையை நோக்கியிருந்தது என்பதைக் கொண்டு திசை அறியப்படுகிறது. தூரத்தை அது மிகத் துல்லியமாகச் சொல்லிவிடும். திசையில்தான் சிக்கல். அலைக்கற்றையின் அகலம் ஒரு டிகிரி என்று வைத்துக்கொண்டால், 200 கிலோமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. நுட்பமான கணக்கீடுகளால் இந்தப் பிழையைக் குறைக்க முடியுமே தவிர, அறவே நீக்க இயலாது.

இரண்டாவது குறை, பூமியின் வளைவு. 30 மீட்டர் உயரக் கோபுரத்தில் உள்ள ரேடாருக்கு, 100 மீட்டர் உயரத்தில் பறந்து வரும் விமானம் சுமார் 60 கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்த பிறகே தென்படும். எவ்வளவு மின்சக்தி செலவிட்டாலும் இந்த வரம்பை மாற்ற முடியாது.

மூன்றாவது குறை அதிகம் பேசப்படாதது. நிலத்திலிருந்தும் மலைகளிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் திரும்பி வரும் எதிரொலிகளுக்கு நடுவே விமானத்தைப் பிரித்தறிய, ரேடார் அதன் வேகத்தையே நம்பியுள்ளது. தன்னை நெருங்கும் பொருளும் தன்னைவிட்டு விலகும் பொருளும் அலையின் அதிர்வெண்ணைச் சற்று மாற்றுகின்றன. ஆனால், ரேடாரை நெருங்காமலும் விலகாமலும் குறுக்காகப் பறக்கும் விமானம் இந்த மாற்றத்தை ஏற்படுத்துவதில்லை. அந்தச் சில விநாடிகளில் அது நிலத்தின் எதிரொலியோடு கலந்து மறைந்துவிடக் கூடும்.

தாழப் பறக்கும் விமானத்தைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1995 டிசம்பர் 17 இரவு, வாராணசியில் இறங்கிப் புறப்பட்ட ஆன்டனோவ் ரக சரக்கு விமானம் ஒன்று மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தின் மீது தாழப் பறந்து, நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் பாராசூட் மூலம் வீசிவிட்டு வெளியேறியது. மறுநாள் கிராம மக்கள் ஆயுதங்களைக் கண்டெடுத்த பின்னரே விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அதே விமானம் சில நாள்கள் கழித்து மீண்டும் இந்திய வான்வெளிக்குள் வந்தபோதுதான் மும்பையில் தரையிறக்கப்பட்டது. எல்லையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, நாட்டின் உட்பகுதியும் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பதை அந்தச் சம்பவம் உணர்த்தியது.

இரு ஆணிகளும் ஒரு நூலும்: ஆண்டெனாக்களைப் பிரித்து வைப்பதால் இந்தக் குறைகள் எவ்வாறு நீங்குகின்றன? அலைபரப்பி ஓரிடத்திலும் அலையேற்பி வேறோர் இடத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அலை புறப்பட்டு, விமானத்தில் பட்டு, ஏற்பியை அடைய எடுத்த மொத்த நேரம் தெரிந்தால், விமானம் ஒரு நீள்வட்டக் கோட்டின் மீது எங்கோ உள்ளது என்பது உறுதியாகிறது. இரண்டு ஆணிகளில் நூலைக் கட்டி, பென்சிலால் இழுத்துப் பிடித்துப் பள்ளிப் பிள்ளைகள் வரையும் அதே நீள்வட்டம்தான் இது. ஆணிகளின் இடத்தில் பரப்பியும் ஏற்பியும் இருக்கின்றன. வேறோர் ஊரில் உள்ள ஏற்பி இன்னொரு நீள்வட்டத்தைத் தருகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் ஒன்றில் விமானம் உள்ளது. மேலும் ஏற்பிகளைச் சேர்த்தால் அது எந்தப் புள்ளி என்பதும், விமானத்தின் உயரமும் தெரிந்துவிடும். இதில் திசையைக் காட்டும் பெரிய ஆண்டெனாவுக்கு அவசியமே இல்லை. தூரங்களைக் கொண்டே இடம் கண்டுபிடிக்கப்படுகிறது.

மூன்று பரப்பிகளும் நான்கு ஏற்பிகளும் இருந்து, ஒவ்வொரு பரப்பியும் தனித்து இனங்காணத்தக்க அலையை அனுப்பினால், மொத்தம் 12 பாதைகளில் எதிரொலி கிடைக்கும். ஏழு இடங்களில் செய்த செலவுக்குப் பன்னிரண்டு கோணங்கள். ஒரு கோணத்தில் மங்கலாகத் தெரியும் விமானம் மற்றொரு கோணத்தில் பளிச்சிடும். ஒரு ரேடாருக்குக் குறுக்காகப் பறப்பது, அதே நேரத்தில் இன்னொரு ஜோடிக்கு நெருங்கி வருவதாகவே தெரியும். ஹைமோவிச், பிளம், சிமினி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இந்த அணுகுமுறைக்கு முறையான கணித அடித்தளத்தை எடுத்துக்காட்டியது. அதன் பின்னர் உலகெங்கும் இத்துறையில் ஆய்வுகள் பெருகின.

கண்ணுக்குத் தப்பும் விமானங்கள் விஷயத்திலும் இது முக்கியத்துவம் பெறுகிறது. "ஸ்டெல்த்" எனப்படும் விமானங்களின் உடலமைப்பு, தன் மீது படும் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பாமல் வேறு பக்கம் சிதறடிக்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. அந்த வேறு பக்கத்தில் ஓர் ஏற்பி காத்திருந்தால், விமானம் சிக்க வாய்ப்பு உண்டு. அலையை உறிஞ்சும் பூச்சும் அவ்விமானங்களில் இருப்பதால் இது முழுத் தீர்வாகிவிடாது எனினும், தப்பிக்கும் வாய்ப்பு குறைகிறது. சீன விமானப்படையில் ஜே-20 ரக ஸ்டெல்த் விமானங்கள் 2017 முதல் பணியில் உள்ளன. தனக்கு 40 ஜே-35 ரக விமானங்களை வழங்கச் சீனா முன்வந்துள்ளதாகப் பாகிஸ்தான் அரசு 2025 ஜூனில் அறிவித்தது. எனவே, இந்தியாவுக்கு இது ஏட்டளவிலான ஆராய்ச்சியாக இருக்க முடியாது.

பழைய யோசனையின் மறுபிறவி: உண்மையில் ரேடாரின் தொடக்கமே இப்படித்தான் அமைந்தது. 1935 பிப்ரவரி 26 அன்று பிரிட்டனில் ராபர்ட் வாட்சன்-வாட், அர்னால்டு வில்கின்ஸ் ஆகியோர் நடத்திய சோதனையில், டேவென்ட்ரி நகரிலிருந்த பி.பி.சி. சிற்றலை ஒலிபரப்புக் கோபுரமே பரப்பியாகப் பயன்பட்டது. சில கிலோமீட்டர் தள்ளி ஒரு வயல்வெளியில் வைக்கப்பட்ட ஏற்பி, வானில் பறந்த ஹேஃபோர்டு குண்டுவீச்சு விமானத்தைச் சுமார் 13 கிலோமீட்டர் தூரம் வரை இனங்கண்டது. பின்னர் ஒரே ஆண்டெனாவால் அனுப்பவும் கேட்கவும் முடிந்ததால், பிரித்து வைக்கும் முறை பின்தள்ளப்பட்டது.

விண்வெளிக் கண்காணிப்பில் மட்டும் அது தொடர்ந்து வாழ்ந்தது. பிரான்ஸ் நாட்டின் "கிராவ்ஸ்" அமைப்பில், பரப்பி டிஜோன் நகருக்கு அருகிலும், ஏற்பி சுமார் 400 கிலோமீட்டர் தெற்கிலும் உள்ளன. 2005 முதல் அது செயற்கைக்கோள்களைக் கண்காணித்து வருகிறது. அமெரிக்கக் கடற்படை தொடங்கிய விண்வெளி வேலியில், அந்நாட்டின் தென்பகுதி நெடுக மூன்று பரப்பிகளும் ஆறு ஏற்பிகளும் நிறுவப்பட்டிருந்தன. நிதி நெருக்கடி காரணமாக 2013-இல் அது மூடப்பட்டது. அதற்குப் பதிலாக 2020-இல் பசிபிக் பெருங்கடலின் குவாஜலின் தீவில் செயல்பாட்டுக்கு வந்த புதிய அமைப்போ, ஒரே இடத்தில் அமைந்த பெரும் ரேடார். பிரித்து வைப்பதே எல்லா இடத்திலும் உகந்தது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தீர்ப்பும் சாட்சியமும்: இந்தியாவில் விமானப்படையின் ரேடார்கள் ஏற்கெனவே ஒருங்கிணைந்த வான் கட்டளை, கட்டுப்பாட்டு அமைப்பின் மூலம் இணைக்கப்பட்டுள்ளன. ராணுவத்தின் "ஆகாஷ்தீர்" அமைப்பும் அதனுடன் சேர்ந்து இயங்குகிறது. 2025 மே மாதம் நடைபெற்ற "ஆபரேஷன் சிந்தூர்" நடவடிக்கையின்போது, மே 8-9 இரவில் மட்டும் லே முதல் சர் கிரீக் வரை 36 இடங்களில் 300 முதல் 400 வரையிலான ஆளில்லா விமானங்களைப் பாகிஸ்தான் அனுப்பியதாக அரசு தெரிவித்தது. அவற்றை எதிர்கொண்டதில் இந்த இணைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆயினும், இணைக்கப்பட்ட ரேடார்கள் வேறு, பிரிந்து நிற்கும் ஆண்டெனாக்களால் ஆன ஒரே ரேடார் வேறு. முதல் வகையில் ஒவ்வொரு ரேடாரும் தனக்குக் கிடைத்த எதிரொலியைத் தானே ஆராய்ந்து, "விமானம் உண்டு" அல்லது "இல்லை" என்று முடிவு செய்து, அந்த முடிவை மையத்துக்கு அனுப்புகிறது. மிக மங்கலான எதிரொலிகள் அங்கேயே கழித்துக்கட்டப்படுகின்றன. இரண்டாவது வகையில் மங்கலான எதிரொலிகளும் மையத்துக்கு வருகின்றன. தனித்தனியே நம்பத்தகாத பத்து எதிரொலிகள் ஒரே இடத்தைச் சுட்டினால், அங்கு ஏதோ உள்ளது என்ற முடிவுக்கு வர முடியும். நீதிமன்ற மொழியில் கூறுவதானால், முதலாவது பல தீர்ப்புகளைத் தொகுக்கிறது, இரண்டாவது எல்லாச் சாட்சியங்களையும் ஒரே மன்றத்தில் விசாரிக்கிறது.

2023 மார்ச்சில் "அருத்ரா" ரேடார்களுக்காக ரூ.2,800 கோடிக்கு மேலும், 2025 மார்ச்சில் தாழப் பறக்கும் இலக்குகளைக் கண்டறியும் "அஸ்வினி" ரேடார்களுக்காக ரூ.2,906 கோடிக்கும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் செய்துகொண்டது. இரண்டுமே பெங்களூரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பின் ஆய்வகத்தில் உருவானவை. பெருமைக்குரிய இந்த ரேடார்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றை இரண்டாவது வகைக்கும் பயன்படுமாறு இணைக்க வேண்டுமெனில் மேலும் மூன்று தேவை: மௌனமாகக் கேட்கும் ஏற்பிகள், அவற்றை இணைக்கும் கேபிள், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கடிகாரம்.

மௌனத்தின் வலிமை: அலையை வீசும் ரேடார் தன் இருப்பிடத்தைத் தானே அறிவித்துக்கொள்கிறது. 2025 மே 8 அன்று லாகூரில் இருந்த வான் பாதுகாப்பு அமைப்பு செயலிழக்கச் செய்யப்பட்டதாக இந்தியா அறிவித்தது. நாம் செய்ததை எதிரியும் செய்யக்கூடும். ஆனால், அலை எதையும் வீசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ஏற்பியைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். பரப்பிகளுள் ஒன்று அழிக்கப்பட்டாலும் மற்றவற்றைக் கொண்டு அமைப்பு தொடர்ந்து இயங்கும்.

இதன் அடுத்த படியாக, ராணுவம் சொந்தமாக அலையை வீசவே வேண்டாம், வானொலி, தொலைக்காட்சி கோபுரங்கள் வீசும் அலைகளின் எதிரொலிகளைக் கேட்டாலே போதும் என்ற முறை ஐரோப்பாவில் வளர்ந்துள்ளது. 2018-இல் பெர்லின் விமானக் கண்காட்சியிலிருந்து திரும்பிய இரண்டு அமெரிக்க எஃப்-35 விமானங்களை, இத்தகைய கருவியால் சுமார் 150 கிலோமீட்டர் தூரம் பின்தொடர்ந்ததாக ஹென்சோல்ட் என்ற ஜெர்மன் நிறுவனம் அறிவித்தது. தயாரிப்பாளரே கூறிய கூற்று, போர்ச் சூழலில் நடந்த சோதனையும் அல்ல என்ற எச்சரிக்கையோடே இதை ஏற்க வேண்டும்.

இங்கேதான் பாதுகாப்பு அமைச்சகத்தின் வேலி முடிந்து, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் எல்லை தொடங்குகிறது. தூர்தர்ஷனின் பழைய தரைவழித் தொலைக்காட்சிப் பரப்பிகளில், முக்கியத்துவம் வாய்ந்த இடங்களில் உள்ள 50 தவிர, மற்றவை அனைத்தும் 2022 மார்ச் 31-க்குள் மூடப்படும் என்று பிரசார் பாரதி 2021 அக்டோபரில் அறிவித்தது. பார்வையாளர்கள் கேபிளுக்கும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்கும் மாறிவிட்ட நிலையில், மின்கட்டணத்தை மிச்சப்படுத்தும் அந்த முடிவு நியாயமானதே. மறுபுறம், பண்பலை ஒலிபரப்பு விரிவடைந்து வருகிறது. 2023 ஏப்ரல் 28 அன்று 18 மாநிலங்களிலும் 2 யூனியன் பிரதேசங்களிலும் 91 பண்பலைப் பரப்பிகளைப் பிரதமர் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு ஜனவரியில், பிரசார் பாரதியின் கட்டமைப்பு மேம்பாட்டுக்காக ரூ.2,539.61 கோடி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எல்லைப்புறப் பகுதிகளில் ஒலிபரப்பை வலுப்படுத்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

அந்த 91 பரப்பிகளும் தலா 100 வாட் சக்தி கொண்டவை. உள்ளூர் நேயர்களுக்கு அது போதும். தொலைவில் பறக்கும் விமானத்திலிருந்து கேட்கத்தக்க எதிரொலி வர வேண்டுமெனில், அதைப்போல் நூறு மடங்கு சக்தி கொண்ட கோபுரங்களே உதவும். மேலும், பண்பலை ஒலிபரப்பில் இசை ஒலிக்கும்போது இலக்கின் தூரம் தெளிவாகவும், பேச்சின் இடையே அமைதி நிலவும்போது கலங்கலாகவும் தெரியும். டிஜிட்டல் ஒலிபரப்பில் இந்தக் குறை இல்லை. எல்லை மாவட்டம் ஒன்றில் எத்தனை கிலோவாட் கோபுரம் அமைப்பது, டிஜிட்டலுக்கு எப்போது மாறுவது என்பதை இன்று தீர்மானிப்பவர்கள் நேயர்களின் எண்ணிக்கையை மட்டுமே கணக்கில் கொள்கின்றனர் என்றால், அவர்களைக் குறைகூற முடியாது. வேறு கணக்கு அவர்கள் முன்வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கடிகாரம் பிசகினால்: அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் செல்கிறது. இரண்டு ஊர்களில் உள்ள ஏற்பிகளின் கடிகாரங்களுக்கு இடையே அந்த அளவு வேறுபாடு இருந்தால், இலக்கின் தூரக் கணக்கில் 300 மீட்டர் பிழை புகுந்துவிடும். ஒரு நானோ விநாடி, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு விநாடி என்ற அளவுக்கு ஒத்திசைந்தால் பிழை 30 சென்டிமீட்டராகக் குறையும். எதிரொலிகளின் அலை நிலையையே ஒப்பிட்டு மிக உயர்ந்த துல்லியம் பெற வேண்டுமாயின், நானோ விநாடியும் போதாது, அதனினும் நுண்ணிய ஒத்திசைவு வேண்டும்.

உலகெங்கும் இத்தகைய ஒத்திசைவுக்கு எளிய வழியாக இருப்பது அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தரும் நேரம். அது எவ்வளவு எளிதில் குலைக்கப்படக் கூடியது என்பதற்கு நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பதில்களே சான்று. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிருதசரஸ், ஜம்மு பகுதிகளில், 465 ஜி.பி.எஸ். குறுக்கீட்டுச் சம்பவங்கள் பதிவானதாக மக்களவையில் தெரிவிக்கப்பட்டது. 2025 நவம்பரில் தில்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களுக்குப் போலியான ஜி.பி.எஸ். சமிக்ஞைகள் கிடைத்ததை, விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் ராம் மோகன் நாயுடு அடுத்த மாதம் மாநிலங்களவையில் அளித்த எழுத்து மூலமான பதிலில் உறுதிப்படுத்தினார். விமானிகளை வழி தவறச் செய்யும் அதே போலிச் சமிக்ஞை, அதனை நம்பியிருக்கும் ரேடார் ஏற்பிகளின் கடிகாரத்தையும் தவறச் செய்யும். போர் மூளும் நேரத்தில்தான் இத்தகைய குறுக்கீடு உச்சத்தில் இருக்கும்.

மாற்று ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 வழிகாட்டிச் செயற்கைக்கோளில் முதன்முறையாக உள்நாட்டில் தயாரான அணுக்கடிகாரம் இடம்பெற்றது. ஆனால், 2025 ஜனவரி 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-02, வால்வு திறக்காததால் உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. தரையில், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக்கடிகாரங்கள் காக்கும் இந்திய நேரத்தை ஆமதாபாத், பெங்களூர், புவனேசுவரம், ஃபரீதாபாத், குவாஹாட்டி ஆகிய ஐந்து ஆய்வகங்கள் வழியே பரப்பும் திட்டம் நுகர்வோர் விவகாரத் துறையின் பொறுப்பில் உள்ளது. இந்திய நேரத்தைக் கட்டாயமாக்கும் வரைவு விதிகளை அத்துறை 2025 ஜனவரியில் வெளியிட்டுக் கருத்து கேட்டது. வங்கிகளும் பங்குச்சந்தைகளும் மின்தொகுப்பும் பயன்பெறும் அந்த ஏற்பாடு, ரேடாருக்கும் உயிர்நாடியாக முடியும்.

கேபிள் உண்டு: இந்த நேரத்தையும் மூல எதிரொலிகளையும் சுமந்து செல்ல வேண்டிய கண்ணாடி இழைக் கேபிள் விஷயத்தில் இந்தியா பல நாடுகளைவிட நல்ல நிலையில் உள்ளது. அதற்குக் காரணம், ரேடாருக்கு நேரடித் தொடர்பற்ற ஒரு பேரம். செல்போன் சேவைக்காக முப்படைகள் விட்டுக்கொடுத்த அலைக்கற்றைக்கு ஈடாக, அவற்றுக்குத் தனிக் கேபிள் கட்டமைப்பை பி.எஸ்.என்.எல். அமைத்துத் தர வேண்டும் என்று முடிவாயிற்று. 2012-இல் ரூ.13,334 கோடியாக இருந்த அந்தத் திட்டத்தின் மதிப்பீடு, 2018-இல் ரூ.24,664 கோடியாக உயர்த்தப்பட்டது. விமானப்படையின் சொந்தக் கட்டமைப்பான "ஏ.எஃப்.நெட்" 2010 செப்டம்பரில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணியால் தொடங்கி வைக்கப்பட்டது. வேறு காரணங்களுக்காகச் செய்த செலவு, இந்தப் புதிய தேவைக்கும் அடித்தளமாகியுள்ளது.

எங்கு பயன் அதிகம்?: பிரிந்து நிற்கும் ரேடாரின் துல்லியம், இலக்கைச் சுற்றி ஆண்டெனாக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைப் பொருத்தது. இலக்கு நடுவிலும் ஆண்டெனாக்கள் சுற்றிலும் இருந்தால் துல்லியம் உச்சத்தில் இருக்கும். எல்லாம் ஒரே பக்கத்தில், ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் இருந்தால் நீள்வட்டங்கள் கூர்மையாக வெட்டிக்கொள்ளாமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். எனவே, எல்லைக்கு அப்பால் வெகுதூரத்தில் உள்ள விமானத்தைக் காண இந்த முறை அவ்வளவாக உதவாது. அதற்குப் பெரிய ரேடார்களும், வானில் பறந்தபடி கண்காணிக்கும் விமானங்களும் வேண்டும். 2018 அக்டோபரில் ரஷியாவுடன் ஒப்பந்தம் செய்யப்பட்ட எஸ்-400 ஏவுகணை அமைப்பின் ரேடார்கள் அத்தகையவை.

மாறாக, ஒரு நகரத்தையோ, அணுமின் நிலையத்தையோ, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையையோ சுற்றி அமைக்கும்போது இதன் பயன் முழுமையாகக் கிடைக்கும். செங்கோட்டை அறிவிப்பின் நோக்கமும் அதுதான் என்பது குறிப்பிடத்தக்கது. எல்லையில் நீண்ட பார்வை, உள்ளே நெருக்கமான வலை என இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்ய வேண்டும்.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. பல விமானங்கள் ஒரே நேரத்தில் வரும்போது, ஒன்றுக்குரிய நீள்வட்டம் வேறொன்றின் நீள்வட்டத்தை வெட்டி, இல்லாத விமானங்களை இருப்பதாகக் காட்டக்கூடும். அவற்றைக் கழித்தெடுக்கக் கூடுதல் ஏற்பிகளும் வேகமான கணினிகளும் தேவை. அதோடு, ஒரு பொருள் எங்கே உள்ளது என்று அறிவது வேறு, அது யாருடையது என்று அறிவது வேறு. 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் நமது ஏவுகணையே நமது எம்.ஐ.-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியதில், விமானப்படையினர் அறுவரும் பொதுமக்களில் ஒருவரும் உயிரிழந்தனர். அது பெரும் தவறு என்பதை அன்றைய விமானப்படைத் தளபதி ஆர்.கே.எஸ். பதௌரியா அதே ஆண்டு அக்டோபரில் ஒப்புக்கொண்டார். ரேடாரின் துல்லியம் கூடுவதனால் மட்டும் இத்தகைய விபத்துகள் தவிர்க்கப்பட்டுவிடா. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்களின் தகவலும் அதே மேசைக்கு வந்து சேர வேண்டும். அதாவது, இன்னுமோர் அமைச்சகம்.

நாடாளுமன்றம் கேட்க வேண்டியவை: 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்ட ரூ.6.81 லட்சம் கோடியில், தளவாடக் கொள்முதல் உள்ளிட்ட மூலதனச் செலவுக்கானது ரூ.1.80 லட்சம் கோடி. இந்த மானியக் கோரிக்கைகளைப் பரிசீலிப்பது பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழு. 1993-இல் 17 துறைசார் நிலைக்குழுக்கள் முழு அளவில் ஏற்படுத்தப்பட்டபோதும், 2004-இல் அவை 24 ஆக உயர்த்தப்பட்டபோதும், அமைச்சகங்களை ஒட்டியே அவை பிரிக்கப்பட்டன. வரவு-செலவைக் கண்காணிக்க அது சிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால், பிரசார் பாரதியின் கோபுரம் தகவல் தொழில்நுட்பக் குழுவிடமும், இந்திய நேரம் நுகர்வோர் விவகாரக் குழுவிடமும், அணுக்கடிகாரச் செயற்கைக்கோள் அறிவியல் தொழில்நுட்பக் குழுவிடமும் செல்கின்றன. ரேடார் மட்டும் பாதுகாப்புக் குழுவின் முன் வருகிறது. முழுப் படமும் எந்தக் குழுவின் மேசையிலும் விரிக்கப்படுவதில்லை.

ராணுவ ரகசியங்களை வெளியிடுமாறு யாரும் கோரவில்லை. எந்த மலை உச்சியில் எந்த ஏற்பி உள்ளது என்பது வெளியே தெரிய வேண்டியதும் இல்லை. ரகசியத்துக்கு ஊறு விளைவிக்காமலேயே உறுப்பினர்கள் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று உள்ளன. ஒலிபரப்புக் கோபுரம் ஒன்றை மூடும்போதோ புதிதாக அமைக்கும்போதோ விமானப்படையின் கருத்து கேட்கப்படுகிறதா? ஜி.பி.எஸ். முற்றிலும் முடங்கினால், நமது ரேடார்களின் கடிகாரங்கள் எத்தனை மணி நேரம் தாமாகவே ஒத்திசைந்து நிற்கும்? சுதர்சன சக்கரம் திட்டத்தில் பாதுகாப்பு அல்லாத அமைச்சகங்களின் கடமைகள் எழுத்தில் வரையறுக்கப்பட்டுள்ளனவா, அவற்றுக்கு யார் பொறுப்பு?

அமைச்சகங்களின் வேலிகளைத் தாண்டி ஆராயும் அதிகாரம் மக்களவையின் மதிப்பீட்டுக் குழுவுக்கு உண்டு. தேவையெனில் மூடிய அறையில் சாட்சியம் பெறவும் வழி உள்ளது. 2035-க்கு இன்னும் பல நிதிநிலை அறிக்கைகள் உள்ளன என்று தோன்றலாம். ஆனால், இன்று தவறான இடத்தில் எழும் கோபுரமும், தவறான அளவில் வாங்கப்படும் கடிகாரமும் இருபது ஆண்டுகளுக்கு அங்கேயே நிற்கும். புதிய ரேடார்களுக்கான அடுத்த கோரிக்கை அவைக்கு வரும்போது, எத்தனை வாங்குகிறீர்கள் என்று கேட்பதோடு, அவை எந்தக் கடிகாரத்தைப் பார்த்து இயங்கும் என்றும் உறுப்பினர்கள் கேட்பது நல்லது.